கணையச் சளிக்கட்டிகள்

மியூசின் என்னும் கொழகொழப்பான சளிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்களை உட்சுவராகக் கொண்டு, நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடிய கணையக் கட்டிகள் இப்பெயரால் வழங்கும். இவற்றுள் சளிநீர்க்கட்டி பெரும்பாலும் நடுவயதுப் பெண்களிடம் கணையத்தின் உடல், வால் பகுதிகளில் தோன்றும். அதன் சுவரில் சினைப்பைத் திசுவை ஒத்த திசு காணப்படும். மற்றொன்றான நாளச் சளிக்கட்டி, 1982இல் ஜப்பானிய மருத்துவர் ஓஹாஷியும் குழுவினரும் விவரித்தது. கணைய நாளத்துக்குள்ளேயே வளர்ந்து அதை விரியச் செய்வது.

தமிழகத்திலும் கேரளத்திலும் நாளத்தில் கற்கள் படியும் வெப்பமண்டலக் கணைய அழற்சி நெடுங்காலமாக அறியப்பட்ட நோயாதலால், 1965இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களை நாடிவரும் தாமிரபரணிக் கரை நோயாளியிடம் ஒரு கட்டி தென்பட்டால், அது அழற்சிக்குப் பின் திரண்ட பொய்க்கட்டியா என்பதே முதற்கேள்வி. இதில் பிழைபட்டு, சளிக்கட்டியைப் பொய்க்கட்டியெனக் கருதிக் குடலுக்குள் வடியவிடுவது பெருந்தீங்கு. புற்றுநோய் வாய்ப்புள்ள சுவர் அப்படியே உள்ளே தங்கிவிடும். சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களால் தெளிவு கிட்டாதபோது, உள்நோக்கி அல்ட்ராசவுண்ட் வழியே ஊசியால் எடுத்த நீரைச் சோதிப்பர்: அமைலேஸ் என்னும் நொதி மிகக் குறைந்தால் பொய்க்கட்டியாக இருக்க வாய்ப்பில்லை, சி.இ.ஏ. என்னும் புரதம் மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமுக்கு மேற்பட்டால் சளிவகை எனக் கருதலாம், எனினும் அந்த அளவு மட்டுமே புற்றுநோயைக் காட்டுவதாகாது.

மஞ்சள் காமாலை, சுவரில் முண்டு, 10 மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்த முதன்மை நாளம் ஆகியவை அறுவையை வேண்டுவன. கிளை நாளத்தில் மட்டும் அமைந்த சிறு கட்டியைப் படம் எடுத்துக் கண்காணிப்பதே தகும். புற்று ஊடுருவாத சளிநீர்க்கட்டியை முழுதும் அகற்றினால் நோய் தீரும். நாளச் சளிக்கட்டியிலோ எஞ்சிய கணையத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.