பொன்னும் வெள்ளியும்: மதுரை நாணய வரலாறும் நிஸாபும்

மதுரையை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் கணவரை இழந்த பெண்மணி ஒருவர், ரமளான் மாதத்தில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவரிடம் 5 பவுன் நகை இருக்கிறது. பணம் ஏதும் மிச்சம் இல்லை. ஜகாத் கடமையா என்றார். பொன்னின் நிஸாப் 87.48 கிராம், அதாவது ஏறத்தாழ 11 பவுன். ஆகவே கடமையில்லை என்றோம். மறு ஆண்டு, சிறுவாட்டுப் பணம் ஆயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது என்றார். இப்போது சட்டம் மாறியது. ஹனஃபி மத்ஹபின்படி நகையையும் ரொக்கத்தையும் மதிப்பால் ஒன்றுசேர்த்து, 612.36 கிராம் வெள்ளியின் விலையோடு ஒப்பிட வேண்டும். அம்மதிப்பை அவர் பன்மடங்கு கடந்துவிட்டார். சட்டத்தைச் சொல்லிவிட்டோம். எனினும் 5 பவுனால் வராத செல்வநிலை ஆயிரம் ரூபாயால் எப்படி வந்தது என்ற அவருடைய வியப்பு நம்மை விட்டு அகலவில்லை.

இவ்வியப்புக்கு விடை தேடுவோர் இரு உலோகங்களின் இயல்பையும் அவை நம் மண்ணில் நடந்துவந்த வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

இரு மணிகள்

பொன்னையும் வெள்ளியையும் ஒப்பிட்டு ஆராய்வது நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் எமன் நாட்டு அறிஞர் அல்ஹம்தானீ, 'கிதாபுல் ஜவ்ஹரத்தைன்' என்னும் நூலை இவ்விரண்டிற்காகவே இயற்றினார். சுரங்கத்தில் வெட்டியெடுப்பது முதல் புடமிட்டுத் தூய்மை செய்து நாணயமாக அடிப்பது வரை அதில் விரித்துரைத்தார். அல்பீரூனீ உலோகங்களை நீரில் அமிழ்த்தி, வெளியேறும் நீரை நிறுத்து அடர்த்தியைக் கணித்தார். 1121இல் அல்காஸினீ எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' அம்முறையை மேலும் நுட்பமாக்கியது. பொன் நீரைப்போல் 19 மடங்கு கனமுடையது என அவர்கள் கண்டது, இன்றைய 19.3 என்னும் அளவை நெருங்கி நிற்கிறது. வெள்ளியின் அடர்த்தி 10.5 மட்டுமே. ஒரே பருமனுள்ள இரு கட்டிகளில் பொன்கட்டி ஏறத்தாழ இருமடங்கு கனக்கும். பொன்னில் வெள்ளி கலந்த மோசடியைப் பொன்னை உருக்காமலே தராசு காட்டிக்கொடுத்தது இதனால்தான்.

பொன்னின் அணு எண் 79, வெள்ளியினுடையது 47. பொன் 1064 பாகை செல்சியஸிலும் வெள்ளி 962 பாகையிலும் உருகும். இரண்டும் மென்மையானவை, கம்பியாக நீளும், தகடாக விரியும். மின்சாரத்தையும் வெப்பத்தையும் கடத்துவதில் எல்லா உலோகங்களிலும் வெள்ளியே முதன்மையானது. ஆயின் கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும், பொன் கறுக்காது. நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரையும். பொன் தனித்து நிற்கும். பொன்னைக் கரைக்க இராஜதிராவகம் வேண்டும். தெற்கு ஆவணி மூல வீதியின் நகை வணிகர்களும் பொற்கொல்லர்களும் உரைகல்லையும் அமிலத்தையும் கொண்டு மாற்றுப் பார்த்து வந்ததற்கு அடிப்படை இவ்வியல்பே.

இவ்வேறுபாட்டைக் காட்டும் நபிமொழி ஒன்றும் உண்டு. அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்தார். வெள்ளியால் மூக்கு செய்து பொருத்திக்கொண்டார். அது துர்நாற்றம் எடுத்தது. பொன்னால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகள் அறிவிக்கின்றன. ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்ட மார்க்கத்தில், உடலுக்குத் தீங்கு செய்யாத அதன் இயல்பு கருதி இச்சலுகை வழங்கப்பட்டது. பொருளின் தன்மை சட்டத்தின் கவனத்திற்கு வெளியே இல்லை என்பதற்கு இது சான்று.

ஒன்றுக்கு ஏழு

அரபு மண்ணில் இஸ்லாத்தின் தொடக்கத்தில் சொந்த நாணயம் இருக்கவில்லை. ரோமானியரின் பொற்காசும் பாரசீகரின் வெள்ளிக்காசும் புழங்கின. குர்ஆன் தீனாரை 3:75இலும் திர்ஹத்தை 12:20இலும் குறிப்பிடுகிறது. ஹிஜ்ரி 77இல் கலீஃபா அப்துல் மலிக் சீர்திருத்திய தீனார் 4.25 கிராம் எடை கொண்டது. 10 திர்ஹம் 7 மிஸ்காலுக்குச் சமம் என்னும் அளவின்படி திர்ஹம் ஏறத்தாழ 2.97 கிராம். ஒரு தீனாருக்குப் பத்துத் திர்ஹம் என்பது அக்கால மாற்று விகிதம். ஆகவே 20 தீனாரும் 200 திர்ஹமும் ஒரே மதிப்புள்ள இரு அளவுகள். எடையில் பொன்னுக்கு வெள்ளி ஏழு மடங்கு. நம் நாட்டு நூல்கள் கூறும் 87.48, 612.36 ஆகிய எண்களிலும் அதே ஏழு மடங்கு நிற்கக் காணலாம்.

ஆனால் இவ்விகிதம் அசையாததன்று. உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக்காலத்தில் இரத்த ஈட்டுத்தொகையை மறுநிர்ணயம் செய்தபோது, பொன் வழங்குவோருக்கு 1000 தீனார் என்றும் வெள்ளி வழங்குவோருக்கு 12,000 திர்ஹம் என்றும் விதித்தார்கள் என்பது அபூதாவூதின் அறிவிப்பு. பத்து பன்னிரண்டாகிவிட்டது. பொன்னுக்குரியோர் சிரியா, எகிப்து மக்கள். வெள்ளிக்குரியோர் இராக் மக்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) விளக்கினார்கள். எந்த மண்ணில் எது புழங்குகிறதோ அதுவே அங்கு அளவுகோல் என்னும் நோக்கு இதில் தெரிகிறது.

மதுரை எந்த நாடு?

அவ்வாறாயின் மதுரை பொன்னாடா, வெள்ளிநாடா? பாண்டியர் காலத்துச் சான்றுகள் பொன்னையே சுட்டுகின்றன. முத்து, துணி, மிளகு ஆகியவற்றின் விலையாகப் பொன் வந்தது. நல்ல குதிரை இம்மண்ணில் வளராமையால், அதை வாங்கப் பொன் வெளியே சென்றது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இறங்கின என்றும் ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை என்றும் எழுதுகிறார். கணக்கிட்டால் 22 இலட்சம் தீனார். எண் மிகையாக இருக்கலாம்; விலை பொன்னில் பேசப்பட்டது என்பதே நமக்கு வேண்டியது. காயல் முதலிய துறைமுகங்களில் அவ்வணிகத்தை நடத்திய தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனுக்கு அமைச்சராகவும் விளங்கினார்.

அடுத்து வந்தது மதுரை சுல்தான்களின் காலம். தில்லியில் முஹம்மது பின் துக்ளக் 1329ஐ ஒட்டி, வெள்ளித் தங்காவின் மதிப்பில் செம்பு, பித்தளைக் காசுகளை வெளியிட்டார். கள்ளக் காசுகள் பெருகின, திட்டம் வீழ்ந்தது. அவருடைய மஅபர் ஆளுநராயிருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா 1335 அளவில் மதுரையில் தனியரசு நிறுவினார். 1378 வரை அடிக்கப்பட்ட அவ்வரசின் காசுகளுள் கிடைப்பவை பெரும்பாலும் செம்பும் கலப்பு வெள்ளியுமே, பொற்காசுகள் அரிது. எழுத்தோ தூய அரபு. அஹ்ஸன் ஷாவின் காசு ஒன்று அவரை ஏழை எளியோரின் தந்தை என்று போற்றுகிறது. சிறு வணிகனின் கைக்குச் செம்பும், பெருஞ்சேமிப்புக்குப் பொன்னும் என்ற நிலையே பின்னரும் தொடர்ந்தது. விஜயநகரத்தின் வராகன் பொன். பணம் என்பதும் ஒரு சிறு பொற்காசின் பெயரே.

வெள்ளி இங்கு அளவுகோலானது கும்பினியார் ஆட்சியில்தான். சென்னை மாகாணத்தில் 1818இல் நட்சத்திர வராகனை விலக்கி வெள்ளி ரூபாயைத் தர நாணயமாக்கினர். 100 வராகனுக்கு 350 ரூபாய் என மாற்று விகிதம் வகுத்தனர். அதற்கு முன் மதுரையார் இமாம் மாலிக்கின் சொல்லில் பொன்னுக்குரியோராகவே வாழ்ந்தனர்.

பிரிந்த பாதைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளி சரிந்தது. 1803இல் பிரெஞ்சுச் சட்டம் பொன்னுக்கு வெள்ளி பதினைந்தரை மடங்கு என்றது. 1870களில் ஜெர்மனி முதலிய நாடுகள் பொன் தரத்துக்கு மாறின. 1893இல் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை ஏற்பதை நிறுத்தின. அடுத்த ஆண்டிலேயே விகிதம் முப்பதைத் தாண்டியது. 1940இல் ரூபாயில் வெள்ளி பாதியானது. 1947இல் நிக்கல் இடம்பிடித்தது. நாணயப் பதவியை இழந்த வெள்ளி, ஒளிப்படச் சுருளுக்கும் மின்கருவிகளுக்கும் சூரியத் தகடுகளுக்கும் உரிய தொழிற்பொருளாயிற்று. பொன்னோ இன்றும் அரசுகளின் கருவூலத்திலும் பெண்களின் கழுத்திலும் சேமிப்பாகவே இருக்கிறது. 2020 மார்ச்சில் விகிதம் 120ஐக் கடந்தது. விகிதம் 80 ஆக உள்ள நாளில் 612.36 கிராம் வெள்ளிக்கு ஈடான பொன் ஒரு பவுன்கூட இல்லை. ஒரே தராசின் இரு தட்டுகளாய் இருந்தவை இன்று இரு வேறு தராசுகள்.

வெள்ளியை அளவாகக் கொள்வது ஏழைகளுக்கு நலம் பயக்கும் என்று ஹனஃபி அறிஞர்கள் கூறுவதில் நியாயம் இருக்கிறது, கொடுப்போர் பெருகுவர். பொன்னே நிலைத்த அளவு என்பது அறிஞர் யூசுஃப் அல்கர்ளாவியின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபில் பொன்னும் வெள்ளியும் ஒன்றுசேர்க்கப்படுவதில்லை. நாம் இங்கு ஃபத்வா வழங்க முற்படவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலாது. வெள்ளியின் நிஸாபை உடையவர் ஜகாத் கொடுக்கக் கடமைப்படுவதோடு, அதைப் பெறும் தகுதியையும் இழக்கிறார். நம்மிடம் வந்த பெண்மணிக்கு வேறு வருமானம் இல்லை. அந்த 5 பவுன் மகளின் திருமணத்துக்கு என்று வைத்திருப்பது. ஏழையின் நலன் நாடி வகுத்த விதி, அவ்வேழையைச் செல்வர் பட்டியலில் சேர்க்கும்போது விதியின் காரணத்தை மீண்டும் நினைவுகூர்வது அறிஞர் கடமை.

தீனாரும் திர்ஹமும் கண்ணாடியைப் போன்றவை. தமக்கென நிறமில்லை, எல்லா நிறங்களையும் காட்டும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் உவமித்தார்கள். கண்ணாடி கறுத்துவிட்டால் முகம் தெரியாது. இரு மத்ஹபுகளின் ஆலிம்களும் பொருளியல் அறிந்தோரும் ஒன்றாக அமர்ந்து, கொடுப்போரின் அளவு எது, பெறுவோரின் அளவு எது என்று ஆராய வேண்டும். அடுத்த ரமளானில் அப்பெண்மணி மீண்டும் கேட்பார். அவருக்குச் சட்டத்தோடு விளக்கத்தையும் சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம்.