எடையிலிருந்து உயரத்துக்கு: பருமனானவர்களின் அறுவை சிகிச்சையில் செயற்கைச் சுவாசம் வளர்ந்த வரலாறு

பருமனான ஒருவர் மல்லாந்து படுத்தாலே வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மார்புக்குள் தள்ளுகிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் ஏறியபின் அதை எதிர்த்து நிற்கும் வலு உதரவிதானத்துக்கு இருப்பதில்லை. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் தங்கும் காற்றே உடலின் ஆக்சிஜன் சேமிப்பு. அது வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. 1991இல் ஜென்ஸ் குழுவினர் இதை நொடிக்கணக்கில் அளந்தனர். மயக்கத்தில் மூச்சு நின்ற பின், இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 90 விழுக்காட்டுக்கு இறங்க, இயல்பான எடை உடையவர்களுக்குச் சராசரியாக 364 நொடிகள் ஆயின. மிகைப் பருமன் உடையவர்களுக்கு 163 நொடிகளே ஆயின.

இந்த நோயாளிகளுக்கு வென்டிலேட்டர் மூலம் எவ்வாறு மூச்சுக் கொடுப்பது என்ற கேள்விக்கான விடை அரை நூற்றாண்டில் பலமுறை மாறியிருக்கிறது. புதிய கருவிகளை விட, மருத்துவர் எந்த அளவை நம்பினார் என்பதே ஒவ்வொரு மாற்றத்தையும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் திருப்பம் 1963இல் பாஸ்டனில் நேர்ந்தது. அறுவை சிகிச்சையின்போது சிறிய, மாறாத அளவில் மூச்சுக் கொடுக்கப்பட்டவர்களின் இரத்தத்தில் ஆக்சிஜன் படிப்படியாகக் குறைவதையும், சில பெருமூச்சுகள் கொடுத்ததும் அது மீள்வதையும் பெண்டிக்சன், ஹெட்லி-வைட், லேவர் மூவரும் காட்டினர். காற்றுச் சிற்றறைகள் மூடிக்கொள்கின்றன என்பது அவர்களின் ஊகம். அது சரியான ஊகம். அதிலிருந்து பிறந்த பழக்கம்தான் சிக்கலானது. கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. வரை, பெரிய மூச்சாகக் கொடுப்பது வழக்கமாயிற்று.

எந்தக் கிலோ? 160 செ.மீ. உயரமும் 110 கிலோ எடையும் கொண்ட ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். எடை கூடியதால் அவருடைய நுரையீரல் வளர்ந்துவிடவில்லை. அதன் அளவு உயரத்தையும் பாலினத்தையும் ஒட்டியது. உயரத்தையும் பாலினத்தையும் மட்டும் வைத்து, இன்று வழங்கும் சூத்திரப்படி கணக்கிடும் அவருடைய ‘கணிப்பு எடை’ ஏறத்தாழ 52 கிலோ. உண்மை எடைக்குக் கிலோவுக்கு 10 மி.லி. என்றால் ஒரு மூச்சு 1,100 மி.லி. ஆகும். கணிப்பு எடைக்கு 7 மி.லி. என்றால் 370 மி.லி.க்கும் குறைவு. மூன்று மடங்கு வேறுபாடு! கணிப்பு எடையை உலகறியச் செய்தது, தீவிர நுரையீரல் பாதிப்பு நோயாளிகளிடம் நடந்து 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு. மூச்சின் அளவைக் கிலோவுக்கு 12இலிருந்து 6 மி.லி.க்குக் குறைத்தபோது இறப்பு 39.8இலிருந்து 31 விழுக்காடாக இறங்கியது. அதற்குப் பிறகும் அறுவை அரங்குகளில் பழைய பழக்கம் எளிதில் போகவில்லை. தேவைக்கு மிஞ்சிய மூச்சு பெண்களுக்கும் பருமனானவர்களுக்குமே அதிகம் கிடைத்ததாகப் பிரான்சில் 2012இல் வெளியான பன்மருத்துவமனை ஆய்வு காட்டியது. குள்ளமான, பருத்த பெண்ணே இந்தக் கணக்குப் பிழையின் பெருஞ்சுமையைத் தாங்கினார்.

பெண்டிக்சனின் ஊகத்தைக் கண்ணால் காண 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மயக்கம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடுவதை சுவீடனின் பிரிஸ்மார், ஹெடன்ஸ்டியர்னா குழுவினர் சி.டி. ஸ்கேனில் படம்பிடித்தனர். பருமனானவர்களிடம் இந்தச் சுருக்கம் 24 மணி நேரத்துக்குப் பின்னும் நீடிப்பதை 2002இல் ஐகன்பெர்கர் குழுவினர் கண்டனர். மற்றவர்களிடம் அதற்குள் அது பெரும்பாலும் நீங்கியிருந்தது.

இதனால் கவனம் உட்செல்லும் காற்றிலிருந்து, மூச்சின் முடிவில் நுரையீரலுக்குள் நிறுத்திவைக்கும் அழுத்தத்துக்குத் திரும்பியது. மயக்கவியலார் ‘பீப்’ என்று சொல்வது இதைத்தான். இத்தாலியின் பெலோசி 1999இல் 10 செ.மீ. நீர் அழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது பருமனானவர்களின் ஆக்சிஜன் நிலை உயர்ந்தது. இயல்பான எடை உடையவர்களிடம் அந்தப் பயன் இல்லை. பத்தாண்டுக்குப் பின் ரைனியஸ் குழுவினர் இதை மேலும் கூர்மையாக்கினர். மூடிய சிற்றறைகளை 55 செ.மீ. அழுத்தத்தால் ஒருமுறை திறந்துவிட்டு, உடனே பீப் கொடுத்துப் பிடித்துவைத்தால்தான் பயன் நிலைத்தது. தனித்தனியாக இரண்டும் போதவில்லை.

இருந்தும் இந்தத் துறையின் இரு பெரிய ஆய்வுகள் பருமனானவர்களுள் பலரை வெளியே நிறுத்தின. 2013இன் ‘இம்ப்ரூவ்’ ஆய்வில் பிஎம்ஐ (உடல் நிறை குறியீட்டெண்) 35ஐ எட்டியவர்களுக்கு இடமில்லை; 2014இன் ‘ப்ரோவ்ஹிலோ’ 40ஐத் தாண்டியவர்களை ஏற்கவில்லை. மிக அதிகம் பாதிக்கப்படுவோரை விட்டுவிட்டு எழுதிய முடிவுகளை அவர்களுக்கே பொருத்திப் பார்க்க நேர்ந்தது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது 2019இன் ‘ப்ரோபீஸ்’. அதை வழிநடத்தியவர்களுள் பெலோசியும் ஒருவர். 23 நாடுகளில், பிஎம்ஐ 35க்குக் குறையாத ஏறத்தாழ 2,000 பேர். அனைவருக்கும் கணிப்பு எடைக்கு 7 மி.லி. மூச்சு. ஒரு சாராருக்கு 12 செ.மீ. பீப்பும் இடையிடையே நுரையீரல் திறப்பும். மறு சாராருக்கு 4 செ.மீ. பீப் மட்டும். அறுவைக்குப் பிந்தைய நுரையீரல் சிக்கல்கள் முதல் சாராரிடம் 21.3 விழுக்காடு, மறு சாராரிடம் 23.6. புள்ளியியல் நோக்கில் வேறுபாடு இல்லை. அரங்கில் ஆக்சிஜன் குறைந்தவர்கள் முதல் சாராரிடம் 5 விழுக்காடு, மறு சாராரிடம் 13.6; ஆனால் இரத்த அழுத்தம் வீழ்ந்தவர்கள் முதல் சாராரிடம் 31.6, மறு சாராரிடம் 17.2.

‘பீப் வீண்’ என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அது அவசர முடிவு என்பது என் கருத்து. எல்லோருக்கும் ஒரே 12 என்பது சோதிக்கப்பட்டது. அது வெல்லவில்லை, அவ்வளவே. 2017இல் ஜெர்மனியின் நெஸ்ட்லர் குழுவினர், மார்பைச் சுற்றி மின்முனைகள் பொருத்தி, காற்று பரவுவதைப் பார்த்தவாறே ஒவ்வொருவருக்கும் உரிய பீப்பைத் தேடினர். சராசரி 18.5 செ.மீ. வந்தது, ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபட்டது. ஒருவருக்குக் குறைவானது இன்னொருவருக்கு மிகை.

நெஸ்ட்லர் குழுவினரின் முடிவிலேயே அடுத்த கேள்வியும் இருக்கிறது. அவ்வளவு கவனமாகக் காத்த நுரையீரல் கொள்ளளவு, தொண்டைக் குழாயை எடுத்தபின் நிலைக்கவில்லை. ஆகவே இப்போது ஆய்வின் கவனம் அரங்கிலிருந்து விழிப்பறைக்கு நகர வேண்டும். தலைப்பக்கம் உயர்த்திய நிலையிலேயே குழாயை எடுப்பதும், தேவைப்பட்டவருக்கு முகமூடி வழியாகத் தொடர் அழுத்தம் தருவதும் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளவை. எவருக்கு, எவ்வளவு நேரம் என்பதைத்தான் இனி அளந்து சொல்ல வேண்டும்.