தலைத்தோல் மறுசீரமைப்பு அறுவைச் சிகிச்சை

விபத்து, தீக்காயம், புற்றுநோய் அகற்றம், கதிர்வீச்சு ஆகியவற்றால் தலைத்தோலில் நேரும் இழப்பை மூடும் அறுவை முறைகள். தலைத்தோலின் ஐந்து அடுக்குகளில் நடுவிலுள்ள நார்ப்படலம் நெகிழாதது. ஆகவே சுமார் 3 செ.மீ.க்கு மேல் அகன்ற காயத்தை இழுத்துத் தைப்பது கடினம். பரப்பைப் போலவே ஆழமும் முறையைத் தீர்மானிக்கிறது. எலும்பை மூடிய உறை எஞ்சியிருந்தால், தொடையிலிருந்து சீவியெடுத்த மெல்லிய தோலை ஒட்டலாம். அதில் முடி வளராது. வெற்றெலும்பின் மீது ஒட்டுத்தோல் பிழைப்பதில்லை. இரத்த ஓட்டம் அறாத அண்டைத் தோல்மடலைச் சுழற்றி அதை மூடலாம். அறுவை மருத்துவர் மிகுவேல் ஒர்த்திக்கோச்சியா 1967இல் இத்தகைய நான்கு மடல் முறையை வெளியிட்டார். பின்னர் அதை மூன்று மடலாக்கினார்.

முடியுள்ள தோலுக்குச் சரியான ஈடு முடியுள்ள தோலே. அதனால் திசு விரிப்பு முறை தனிச்சிறப்புடையது: தலைத்தோலின் அடியில் சிலிக்கோன் பை வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உப்புநீர் செலுத்தித் தோலை விரிப்பர். தலைத்தோலில் ஏறத்தாழ பாதி வரையிலான இழப்பை இதனால் ஈடுசெய்யலாம். எனினும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பையின் புடைப்பு நோயாளிக்கு மனவேதனை தரும். திறந்த புதுக்காயத்துக்கும் கதிர்வீச்சு பட்ட தோலுக்கும் இது பொருந்தாது.

மிகப்பெரிய இழப்புகளுக்கு முதுகின் அகன்ற தசையையோ தொடைத் திசுவையோ எடுத்து, அதன் சிறு இரத்தக்குழாய்களை நெற்றிப்பொட்டு இரத்தக்குழாய்களுடன் நுண்ணோக்கி வழியே இணைக்கின்றனர். அறுவை மருத்துவர்கள் மெக்லீனும் பங்க்கேயும் 1972இல் வயிற்றுக் கொழுப்புச்சவ்வை இவ்வாறு தலைக்கு மாற்றியதை வெளியிட்டனர்.