கைக்கு வரலாறு உண்டா?

எழுதப்பட்டதுதான் வரலாறு என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்கப் பச்சைக்குழந்தையின் குளியலை எடுத்துக்கொள்ளலாம்.

சீனாவில் குழந்தைகளுக்குப் பிடித்துவிடும் மருத்துவமுறை, தூய்னா, மிங் காலத்திலேயே ஏட்டில் ஏறிவிட்டது. 1601ல் யாங் ஜிசோவின் பெயரில் வந்த ஊசிமருத்துவப் பெருந்தொகுப்பில் இதுபற்றித் தனி நூலொன்று சேர்ந்திருக்கிறது. எழுதியவர் பெயரில் 'சென்' என்ற குடும்பப்பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. கட்டைவிரல் மண்ணீரலுக்கு, ஆள்காட்டிவிரல் ஈரலுக்கு, சுண்டுவிரல் சிறுநீரகத்துக்கு என்று குழந்தையின் கையையே படமாக்குகிறது இம்மரபு. நவீன உடற்கூறு இதை ஏற்காது. ஆனால் மறுப்பதற்கும் ஒரு பிரதி வேண்டும். அது அங்கே இருக்கிறது.

ராயபுரத்து ஆயாவிடம் பிரதி ஏதுமில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே குழந்தையைப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் வார்த்து, சாம்பிராணி காட்டுகிறவள் அவள். கழுத்தைத் திருப்ப முடியாமல் குழந்தை வீறிட்டால் 'உரம் விழுந்திருக்கு' என்பாள். பழம்புடவையில் கிடத்தி இரண்டு பேர் பிடித்து உருட்டுவார்கள். நம் பாலவாகடங்கள் முதன்மையாக நோயையும் மருந்தையும் பேசுபவை. இந்தக் கை அவற்றின் ஓரத்தில் நின்றுவிட்டது.

1880ல் ராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியது. வீட்டுக் கிழவிக்கும் வார்டில் வேலை செய்பவளுக்கும் 'ஆயா' என்ற ஒரே சொல்தான் இங்கே வழங்குகிறது. ஆனால் இருவரின் அறிவும் சந்திக்கவில்லை. மூக்கில் எண்ணெய் விடாதே, அது நுரையீரலில் இறங்கி நிமோனியா உண்டாக்கும் என்கிறது நவீன மருத்துவம். அது உண்மை, இதில் மரபின் பேரால் சலுகை கேட்க இடமில்லை. ஆயினும், எது ஆபத்து, எது நன்மை என்று பிரித்துக் காட்ட எழுத்தில்லாததால் மொத்தமும் 'கிழவி வைத்தியம்' என்று ஒதுக்கப்பட்டது.

1976ல் பிரெஞ்சு டாக்டர் லெபோயே, கல்கத்தாத் தாய் ஒருத்தி குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் படமெடுத்து 'சாந்தளா' என்று நூலாக்கினார். அவள் பெயரே மேற்கில் முறையின் பெயராயிற்று. 2005ல் வெளியான மும்பை ஆய்வொன்று, தேங்காயெண்ணெய் தேய்த்த குறைமாதக் குழந்தைகளின் எடை கூடுதலாக ஏறியதைக் காட்டியது. கை வெளியே போய், பிரதியாகத் திரும்பி வந்தபோது நமக்கு மரியாதை பிறந்தது.

ஆயாவைத் தெய்வமாக்க வேண்டாம். எங்கே அழுத்துகிறாள், எங்கே நிறுத்துகிறாள், ஏன் என்று கேட்டு எழுதினால் போதும். தவறை அவளிடமே சொல்லவும் அப்போதுதான் நமக்கு வாய் இருக்கும்.