தறியில் பிறந்தவர்: டாக்டர் ஹூ நாவல்கள் மாற்றி எழுதிய கடந்தகாலம்

திரைப்படம் அல்லது தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, அதன் கதைமாந்தரைக் கொண்டு ஒரு பதிப்பகம் வெளியிடும் புதினத்தை உரிம நாவல் எனலாம். திரையில் நிகழ்ந்ததை நாவல் மீறக்கூடாது என்பதும், நாவலில் நிகழ்ந்ததைத் திரை பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதும் இத்தகைய நூல்களுக்குப் பொதுவாக விதிக்கப்படும் எல்லை. கதைமாந்தரின் பிறப்பும் மரணமும் உறவுகளும், அவர்கள் வாழும் உலகின் வரலாறும் தம்முள் முரணாமல் நீண்டு செல்லும் ஒழுங்கே கதைத்தொடர்ச்சி எனப்படுகிறது. அதன் காவல் எப்போதும் திரையின் கையிலேயே இருந்துவந்தது. பிரிட்டனின் பிபிசி 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பத் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரில் மட்டும் இந்தக் காவல் நெடுங்காலம் கைமாறிக் கிடந்தது. திரை மௌனமாக இருந்த ஆண்டுகளில் அத்தொடரின் அடிப்படை வரலாற்றையே நாவலாசிரியர்கள் மாற்றி எழுதினர்.

இதற்கான விதை தொடரின் முதல் ஆண்டிலேயே விழுந்துவிட்டது. தொடரின் முதல் கதை ஆசிரியராகப் பணியாற்றிய டேவிட் விட்டேகர், டேலெக்குகள் என்னும் கொடிய இனத்தைப் பற்றிய கதையை 1964 நவம்பரில் நாவலாக்கியபோது, திரையில் காட்டப்பட்ட தொடக்கத்தை அப்படியே ஒதுக்கினார். திரையில் ஒரே பள்ளியின் ஆசிரியர்களான இயானும் பார்பராவும் தம் மாணவி சூசனைப் பின்தொடர்ந்து, அவளுடைய தாத்தாவான டாக்டரையும் அவருடைய காலயந்திரத்தையும் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் கண்டுபிடிக்கின்றனர். நாவலிலோ மூடுபனி கவிந்த பார்ன்ஸ் காமன் புல்வெளியில், ஒரு சாலை விபத்தை ஒட்டியே இயான் பார்பராவை முதன்முறையாகச் சந்திக்கிறார். முதல் நிகழ்ச்சியைப் பார்த்திராத வாசகருக்கும் கதை தன்னிறைவாக நிற்க வேண்டும் என்ற தேவையை நோக்கினால், இந்த மாற்றம் நியாயமானதே. பிபிசி தன் பழைய ஒளிநாடாக்களை அழித்து வந்ததாலும், மறு ஒளிபரப்பு அரிதாக இருந்ததாலும், 1973 முதல் டார்கெட் என்னும் வெளியீட்டு வரிசையில் வந்த நாவலாக்கங்களே ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்குத் தொடரின் கடந்தகாலமாக அமைந்தன. அவற்றுள் 60-க்கும் மேற்பட்டவற்றை எழுதிய டெரன்ஸ் டிக்ஸின் எளிய நடையில்தான் அவர்கள் தாம் பிறக்குமுன் ஒளிபரப்பான கதைகளை அறிந்தனர். அவ்வகையில் திரைக்கு நிகரான சான்றாக நூல் மதிக்கப்படும் பழக்கம் வாசகரிடையே வேரூன்றியது.

1989 டிசம்பரில் தொடர் நிறுத்தப்பட்டது. அதன் கடைசி ஆண்டுகளில் கதை ஆசிரியராக இருந்த ஆண்ட்ரூ கார்ட்மெல், டாக்டரைச் சுற்றியிருந்த புதிர்த்தன்மை தேய்ந்துபோனதாகக் கருதினார். 1969-இல் டாக்டர் காலப் பிரபுக்கள் என்னும் இனத்தைச் சேர்ந்தவர் என்பதும், 1970-களில் அவர்களுடைய கோளின் பெயர் காலிஃப்ரே என்பதும், சாகும் தறுவாயில் புதிய உடலெடுக்கும் உருமாற்றம் அவர்களுக்கு 12 முறை மட்டுமே வாய்க்கும் என்பதும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டுவிட்டதால், யாரென்று அறியப்படாத நாடோடி வெறும் ஓர் ஓடிப்போன அதிகாரியாகச் சுருங்கிவிட்டார். எனவே கார்ட்மெல், எழுத்தாளர்கள் பென் ஆரனோவிச், மார்க் பிளாட் ஆகியோருடன் சேர்ந்து, டாக்டர் ஒரு சாதாரணக் காலப் பிரபுவைவிட மேலானவர் என்ற குறிப்புகளை 1988, 1989 ஆண்டுகளின் கதைகளில் தூவினார். பிளாட் எழுத விரும்பிய ‘லங்பாரோ’ என்ற கதை டாக்டரின் குடும்ப இல்லத்தையே காட்டும் அளவுக்கு வெளிப்படையாக இருந்ததால், தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் அதை ஏற்கவில்லை.

திரை மறுத்ததை நூல் ஏற்றது. டார்கெட் வரிசையின் உரிமை கைக்கு வந்திருந்த வர்ஜின் பதிப்பகம், பீட்டர் டார்வில்-எவன்ஸை ஆசிரியராகக் கொண்டு 1991 ஜூனில் ‘நியூ அட்வெஞ்சர்ஸ்’ என்னும் புதிய நாவல் வரிசையைத் தொடங்கியது. இவை பழைய நிகழ்ச்சிகளின் நாவலாக்கங்கள் அல்ல, தொடர் நின்ற இடத்திலிருந்து மேலே செல்லும் புதிய கதைகள். அதுவரை நூல் வெளியிட்டிராத இளம் எழுத்தாளர்களின் கைப்பிரதிகளுக்கும் அங்கே கதவு திறந்திருந்தது. பால் கார்னெல் முதலியோர் அவ்வழியே வந்தனர். இவ்வரிசையில் 1997 மார்ச்சில் வெளிவந்த ‘லங்பாரோ’ நாவல், காலிஃப்ரேயின் வரலாற்றை அடியோடு மாற்றியது. பண்டைக் காலத்தில் அக்கோளை ஆண்ட பைத்தியா என்னும் குறிசொல்லும் அரசி இட்ட சாபத்தால் அங்கே குழந்தை பிறப்பதே நின்றுபோக, மக்கள் அதன்பின் முழுவளர்ச்சியுற்ற உடலோடு மரபணுத் தறிகளில் நெய்யப்பட்டனர். குடும்பம் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் இன்றி, உணர்வுள்ள மாளிகைகளில் ஒன்றாக வாழும் ஒன்றுவிட்ட உடன்பிறந்தாரின் கூட்டமாயிற்று. காலிஃப்ரே நாகரிகத்தை நிறுவிய மூவரில் ராசிலன், ஒமேகா ஆகிய இருவரின் பெயரே நிலைக்க, ‘மற்றவர்’ என்று மட்டும் அறியப்படும் மூன்றாமவர் தறிக்குள் பாய்ந்து தம்மைக் கரைத்துக்கொண்டார். நெடுங்காலத்துக்குப் பின் ஒரு தறியிலிருந்து டாக்டராக வெளிவந்தவர் அவரே என்பது நாவலின் முடிவு.

குழந்தைகளே பிறக்காத உலகில் டாக்டருக்குப் பேத்தி எப்படி வந்தாள் என்ற கேள்வியை பிளாட் தட்டிக்கழிக்கவில்லை. சூசன் உண்மையில் அந்த ‘மற்றவரின்’ பேத்தி என்றும், முற்பிறவியின் தாத்தாவை டாக்டரிடம் அவள் அடையாளம் கண்டுகொண்டாள் என்றும் கூறி, 1963-இன் முதல் நிகழ்ச்சியையே புதிய பொருளில் பார்க்க வைத்தார். பழைய நிகழ்ச்சியின் ஒரு வசனத்தைக்கூட மாற்றாமல் அதன் பொருளை மட்டும் ஆழப்படுத்தும் இத்தகைய திருத்தமே இக்கலையின் உயர்ந்த வடிவம்.

ஆனால் எல்லாத் திருத்தங்களும் இவ்வளவு பெருந்தன்மை உடையவை அல்ல. 1988-இல் ஒளிபரப்பான கதையில் டேலெக்குகளின் தாய்க்கோளான ஸ்காரோ அழிக்கப்பட்டிருந்தது. 1996-இல் வெளியான தொலைக்காட்சித் திரைப்படமோ அதே ஸ்காரோவில் தொடங்கியது. அடுத்த ஆண்டு நாவல் உரிமையைத் தானே எடுத்துக்கொண்ட பிபிசி வெளியிட்ட ‘வார் ஆஃப் த டேலெக்ஸ்’ நாவலில் ஜான் பீல் இதற்கு ஒரு விடை வைத்தார். அழிந்தது ஸ்காரோ அன்று, அதைப் போல வேடமிடப்பட்ட ஆன்டாலின் என்னும் வேறொரு கோளே என்றும், 1979 முதல் திரையில் வந்த டேலெக் போர்களின் அடிப்படையே டேலெக்குகள் நடத்திய ஏமாற்று நாடகம் என்றும் அந்நாவல் கூறுகிறது. முரண் தீர்ந்தது; ஆயினும் பத்தாண்டுக் கதைகளில் மாந்தர் பட்ட துயரத்தின் எடை முழுவதும் அதற்கு விலையாயிற்று. ஓர் ஓட்டையை அடைப்பதற்காக ஒரு காலகட்டத்தையே பொய்யாக்குவது வரலாற்றுக்கு மட்டுமன்றி வாசகரின் நினைவுக்கும் இழைக்கும் தீங்கு.

நாவலாசிரியர் லாரன்ஸ் மைல்ஸோ திருத்தத்தையே கதைப்பொருளாக்கினார். 1974-இல் டாக்டரின் மூன்றாம் உருவான ‘மூன்றாம் டாக்டர்’ கதிர்வீச்சால் இறந்து உருமாறியதைத் திரை காட்டியிருக்க, 1999-இல் வந்த ‘இன்டர்ஃபியரன்ஸ்’ என்னும் இருதொகுதி நாவலில் அந்த டாக்டர் டஸ்ட் என்ற வறண்ட கோளில் துப்பாக்கிச் சூட்டில் இறக்கிறார். கடந்தகாலத்தைச் சிதைப்பதையே வழிபாடாகக் கொண்ட ‘ஃபாக்‌ஷன் பாரடாக்ஸ்’ என்னும் குழு இதனால் ஆதாயம் பெறுகிறது என்பதால், தொடர்ச்சி முறிந்ததைக் காணும் வாசகரின் அதிர்ச்சியும் கதைக்குள்ளேயே இடம்பெற்றுவிடுகிறது. 2000-இல் வந்த ‘த ஆன்செஸ்டர் செல்’ அந்த மரணத்தை நீக்கிப் பழைய வரலாற்றை மீட்டது. அதற்கு விலையாக டாக்டரின் கையாலேயே காலிஃப்ரே அழிந்தது, அவருடைய நினைவும் அழிந்தது.

2005 மார்ச் 26 அன்று தொடர் திரைக்குத் திரும்பியபோது காலிஃப்ரே அழிந்துவிட்டதாகவே சொல்லப்பட்டது. ஆனால் அழித்தது நாவல் கூறியவாறு அன்று, டேலெக்குகளுடன் நடந்த ஒரு காலப்போரே. புதிய தொடரை நடத்திய ரஸ்ஸல் டி டேவிஸ் 1996-இல் வர்ஜினுக்காக ஒரு நாவல் எழுதியவர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஸ்டீவன் மொஃபட், டாக்டர் ஒரு நூலகரின் கடந்தகாலத்தை மாற்றி அவருடைய மனத்தை மாற்றும் சிறுகதையை அதே ஆண்டில் வர்ஜின் தொகுப்பொன்றில் எழுதியிருந்தார். 2010-இன் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் அதே உத்தி மீண்டும் வந்தது. கார்னெலின் ‘ஹியூமன் நேச்சர்’ நாவலில் ஏழாம் டாக்டர் தம்மை மறந்து 1914-இன் பள்ளியாசிரியராக வாழ்கிறார். 2007-இல் கார்னெலே அதைத் திரைக்கு மாற்றியபோது பத்தாம் டாக்டர் 1913-இல் அவ்வாறு வாழ்ந்தார். ஒரே வாழ்க்கையை இருவேறு டாக்டர்கள் வாழ்ந்துவிட்டதால், இரண்டையும் ஒரே வரலாற்றில் பொருத்த இயலாது. அதே 2007-இல் திரை காலிஃப்ரேயில் ஒரு சிறுவனைக் காட்டியதால், குழந்தைகளே இல்லாத தறி உலகமும் ஐயத்துக்குள்ளாயிற்று.

இத்தகைய சிக்கலைப் பிற நிறுவனங்கள் ஆணையால் தீர்த்தன. 2014 ஏப்ரலில் லூகாஸ் ஃபிலிம், அதுவரை வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ நாவல்களை ‘லெஜண்ட்ஸ்’ என்ற பெயரில் மூல வரலாற்றுக்கு வெளியே ஒதுக்கியது. ‘ஸ்டார் டிரெக்’ நாவல்கள் திரை மறுபடி வேறு திசையில் சென்றபின், 2021-இன் ‘கோடா’ என்னும் மூன்று நூல்களில், தாம் வளர்த்த காலவோட்டத்தைத் தாமே தியாகம் செய்து முடித்துக்கொண்டன. பிபிசி அத்தகைய ஆணை எதையும் இடவில்லை. 2020 மார்ச் 1 அன்று ஒளிபரப்பான நிகழ்ச்சி, டாக்டர் வேறோர் அண்டத்திலிருந்து வந்த அனாதைக் குழந்தை என்றும், காலப் பிரபுக்களின் உருமாற்ற ஆற்றலே அக்குழந்தையிடமிருந்து எடுக்கப்பட்டது என்றும் கூறி, காலிஃப்ரேயின் தொடக்கத்தில் டாக்டரை மீண்டும் நிறுத்தியது. 1997-இன் தறியும் 2020-இன் அனாதையும் ஒன்றையொன்று மறுத்தபடியே இன்றும் செல்லுபடியாகின்றன.