தடைபட்ட கூட்டமும் வீட்டுக்கு வந்த புத்தகமும்: பணியிலுள்ள குருமாரின் தொடர்கல்வி, 1525–1587

1559இல் இங்கிலாந்துத் திருச்சபை மறுபடியும் ரோமை விட்டுப் பிரிந்தபோது, பங்குகளில் இருந்த குருமாரில் பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நேற்றுவரை லத்தீனில் பூசை செய்தவரே ஆங்கில வழிபாட்டு நூலைக் கையில் எடுத்தார். ஆனால் புதிய சபை அவரிடம் எதிர்பார்த்தது பிரசங்கம். அதற்கான பயிற்சியை அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. உரிமம் இல்லாதவர் அரசு ஒப்புதல் பெற்ற நல்லுரைத் தொகுதியிலிருந்து ஒன்றை வாசித்துவிட்டு அமர்ந்துவிட வேண்டியதுதான். பல்கலைக்கழகத்தில் படித்த புதியவர்கள் வந்து நிறையப் பல்லாண்டு ஆகும். அதுவரை பணியில் இருப்பவரைப் படிக்கவைப்பது எப்படி? அன்று இரண்டு வழிகள் முயன்று பார்க்கப்பட்டன. ஒன்று கூட்டம், மற்றது புத்தகம். இரண்டுக்கும் வேர் சூரிக் நகரில் இருந்தது.

அங்கே 1525 ஜூன் 19 அன்று, உல்ரிக் ஸ்விங்ளியின் தலைமையில் குரோஸ்மூன்ஸ்டர் பேராலயத்தில் ஒரு வேதபாடம் தொடங்கியது. வெள்ளியும் ஞாயிறும் நீங்கலாக நாள்தோறும் நகரத்துக் குருமாரும் லத்தீன் பள்ளியின் மூத்த மாணவரும் கூடினார்கள். பழைய ஏற்பாட்டின் ஒரு பகுதி லத்தீனிலும் எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் வாசிக்கப்பட்டு ஆராயப்படும். முடிவில் அதன் சாரம் மக்களுக்கு ஜெர்மன் மொழியில் பிரசங்கிக்கப்படும். 1531இல் வெளியான சூரிக் வேதாகமம் இந்த உழைப்பில் விளைந்தது. ஜெனீவாவிலும் வெள்ளிக்கிழமைதோறும் போதகர்கள் கூடி ஒருவர் விளக்க மற்றவர்கள் கருத்துச் சொன்னார்கள்.

கத்தோலிக்கரான மேரி அரசியின் காலத்தில் நாடு விட்டு ஓடிய ஆங்கிலேயர்கள் இவற்றை நேரில் கண்டவர்கள். அவர்கள் திரும்பியபின் உருவான ஆங்கில வடிவத்துக்கு, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தையொட்டித் ‘தீர்க்கதரிசனம்’ என்று பெயர் வந்தது. சந்தை ஊர் ஒன்றில் அக்கம்பக்கத்துக் குருமார் கூடுவார்கள். ஒரே வசனப் பகுதியின் மேல் பலர் வரிசையாகப் பேச, நடுவர் தொகுத்துரைப்பார். பொதுமக்களும் உட்கார்ந்து கேட்கலாம். பிறகு குருமார் மட்டும் தனியே அமர்ந்து, பேசியவரின் விளக்கத்தையும் போதனையையும் எடைபோடுவார்கள். பங்கை விட்டு ஒரு நாளுக்கு மேல் விலகாமல், தன் தொழிலைத் தன்னையொத்தவர் முன்னிலையில் செய்து காட்டித் திருத்தம் பெறுவது என்பது அந்த நூற்றாண்டுக்கு அரிய ஏற்பாடு. கல்விமுறையாக இதைவிடச் சிறந்தது வெகுகாலம் தோன்றவில்லை என்றே நான் கருதுகிறேன்.

முதலாம் எலிசபெத் இதை வேறு கண்ணால் பார்த்தார். சபையை மேலும் சீர்திருத்தக் கோரிய பியூரிட்டன்கள் இந்த மேடைகளைச் சபை ஒழுங்கை விமர்சிக்கப் பயன்படுத்தியதும் உண்மை. அரசியின் அச்சம் ஆதாரமற்றதல்ல. ஒரு மாவட்டத்துக்கு மூன்று நான்கு பிரசங்கிகள் போதும் என்பது அவர் எண்ணம். கூட்டங்களை நிறுத்தும்படி கேன்டர்பரிப் பேராயர் எட்மண்ட் கிரிண்டலுக்குக் கட்டளை வந்தது. கிரிண்டல் முதலில் தம் ஆயர்களிடம் கருத்துக் கேட்டார். பெரும்பாலோர் கூட்டங்களை ஆதரித்தார்கள். பொதுமக்கள் பேசக் கூடாது, நடுவரை ஆயரே நியமிக்க வேண்டும் என்று கட்டுப்பாடுகள் வகுக்கவும் அவர் முன்வந்தார். 1576 டிசம்பரில் அரசிக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தின் வலுவான வாதம், பயனைக் காட்டியதுதான்: முன்பு தகுதியான பிரசங்கிகள் மூவர்கூட இல்லாத இடங்களில் இன்று முப்பது பேர் லண்டனின் புனித பவுல் சிலுவை மேடையிலேயே பேசத் தக்கவராக வளர்ந்திருக்கிறார்கள் என்றார். தடையாணையை அனுப்ப மறுத்துவிட்டார். 1577 மே மாதம் அரசியே ஆயர்களுக்கு நேரடியாக ஆணை விடுத்தார். பேராயரின் அதிகாரம் முடக்கப்பட்டது. 1583இல் அவர் இறக்கும்வரை அது முழுமையாக மீளவில்லை.

ஆனால் வடக்கே, கத்தோலிக்கம் வேரூன்றியிருந்த லங்காஷயரில் இத்தகைய கூட்டங்களை 1580களில் அரசவையே ஊக்குவித்தது. அங்கே பிரசங்கிகளின் தேவை அச்சத்தை வென்றுவிட்டது.

தெற்கே தேவை தீரவில்லை, கூட்டமும் இல்லை. அடுத்த பேராயர் ஜான் விட்கிஃப்ட் பியூரிட்டன்களின் கடும் எதிரி. ஆனாலும் குருமாரின் கல்வியை அவர் கைவிடவில்லை. 1580களின் நடுவில் அவர் காலத்தில் வந்த விதிகளை விரிவாகப் பார்ப்பது தகும். முதுகலைப் பட்டமும் பிரசங்க உரிமமும் இல்லாத குரு ஒவ்வொருவரும் மூன்று பொருள்களை வாங்க வேண்டும்: ஒரு வேதாகமம், புல்லிங்கரின் ‘டெகேட்ஸ்’ பிரசங்கத் தொகுதி, ஒரு வெள்ளைத்தாள் ஏடு. தினம் ஓர் அதிகாரம், வாரம் ஒரு பிரசங்கம் படித்து, சாரத்தை அந்த ஏட்டில் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அருகிலுள்ள பிரசங்கி ஒருவரிடம் ஏட்டைக் காட்ட வேண்டும். பாடநூல், குறிப்பேடு, தவணைத் திருத்தம்: அஞ்சல்வழிக் கல்வியின் உறுப்புகள் ஏறக்குறைய எல்லாமே இங்கே இருக்கின்றன. ஹைன்ரிக் புல்லிங்கர், சூரிக்கில் ஸ்விங்ளிக்குப் பின் பொறுப்பேற்றவர். சூரிக்கின் கூட்டத்துக்குக் கதவு சாத்தியபின், சூரிக்கின் புத்தகம் குருவின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

இதில் கிடைத்தது ஒழுங்கான வாசிப்பு. இழந்தது, ஒரே சிக்கலைச் சுமக்கும் பலர் ஒருவரையொருவர் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு. ஏட்டைப் பார்வையிடும் பிரசங்கி, பிழையைச் சுட்டலாம். அந்தக் குரு மக்கள் முன் எப்படிப் பேசுகிறார் என்பதை அவர் கேட்பதில்லை. கூடிப் பேசித் திருத்திக்கொள்ளும் தேவை ஒடுங்கிவிடவும் இல்லை. அண்டைப் பங்குகளின் பிரசங்கிகள் சந்தை நாளில் முறைவைத்துப் பிரசங்கித்து, பின் சேர்ந்து உணவருந்திப் பேசும் வழக்கம் ஆயர்களின் அனுமதியோடே பல மாவட்டங்களில் பரவியது.

பிரிந்த அந்த இரண்டு வழிகளும் 1963இல் குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி வகுத்த திட்டத்தில் ஒன்றாக நிற்பதைக் காண்கிறோம். சபையையும் பிழைப்பையும் விட்டுக் கல்லூரிக்கு வர முடியாத ஊர்த் தலைவர்களுக்கு வீட்டில் படிக்கப் பாடநூல் கிடைத்தது. வாரந்தோறும் ஆசிரியர் அவர்கள் பகுதிக்கே சென்று கூட்டம் நடத்தினார். 1971இல் பெங்களூரில் தொடங்கிய டாஃப்டீ அமைப்பு, இம்முறையை இந்தியச் சபைகளுக்குக் கொண்டுவந்தது.