கரும்பழுப்புச் சுவர் சொல்லும் வரலாறு



தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் சாயம் பூசும் வேலை தொடங்கிவிடும். வரவேற்பறையின் ஒரு சுவருக்கு மட்டும் கரியும் பழுப்பும் கலந்தாற்போன்ற அடர்ந்த நிறத்தைப் பூசுவதும் உண்டு. பெரியவர்கள் சிலர் இதனை விரும்புவதில்லை. "சுவரில் அழுக்குப் படிந்ததுபோல் இருக்கிறதே" என்பார்கள். கருமை என்றால் அழுக்கு, வெண்மை என்றால் தூய்மை என்னும் எண்ணம் நம் மனத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. சாயத்தின் வரலாறோ வேறொரு பாடத்தைச் சொல்கிறது.

கரும்பழுப்பு மிகத் தொன்மையான நிறங்களுள் ஒன்று. பிரான்சு நாட்டில் 1940-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட லாஸ்கோ குகையில், ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட விலங்கு ஓவியங்கள் உள்ளன. அவற்றின் கருநிறம் மங்கனீசு கனிமத்திலிருந்தும், செந்நிறம் இரும்பு கலந்த மண்ணிலிருந்தும் பெறப்பட்டவை. இவ்விரண்டும் இயற்கையிலேயே கலந்து கிடைக்கும் மண்ணுக்கு 'அம்பர்' என்று பெயர். சைப்பிரசு தீவு இம்மண்ணுக்குப் புகழ் பெற்றது. இதனை வறுத்தால் நிறம் மேலும் ஆழமாகும். அதனுடன் விளக்குக்கரியைச் சேர்த்தால் கரும்பழுப்புச் சாயம் கிடைக்கும்.

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'சாக்லேட் நிறம்' என்று அழைக்கப்பட்ட அடர்பழுப்பு, வீட்டினுள் கதவுகளிலும் தரையை ஒட்டிய சுவரடிப் பலகைகளிலும் பூசப்பட்டது. மண்ணிலிருந்து கிடைத்ததால் விலை மலிவு. அம்பரில் உள்ள மங்கனீசு, ஆளிவிதை எண்ணெயை விரைவில் உலரச் செய்தது. தரையைக் கழுவும்போது தெறிக்கும் அழுக்கும் அதில் தெரியவில்லை. அடுத்த நூற்றாண்டில் நிலக்கரி அடுப்பும் எரிவாயு விளக்கும் வீடுகளில் புகையைப் பரப்பியபோது, அப்புகைக் கறையை மறைக்கவும் அடர்நிறங்கள் உதவின.

அதே காலத்தில் மதிப்புடன் போற்றப்பட்ட வெள்ளைச் சாயம் எதனால் ஆனது தெரியுமா? ஈயத்தால்! கரும்பழுப்பு எண்ணெய்ச் சாயத்திலும் சில வேளைகளில் ஈயம் கலந்ததுண்டு. ஆயினும் வெள்ளைச் சாயத்துக்கு அடிப்படைப் பொருளே ஈயந்தான். அதைத் தயாரித்த தொழிலாளர்களும் பூசிய சாயக்காரர்களும் ஈய நஞ்சால் நோயுற்றனர்.

பின்னர் அது குழந்தைகளையும் தாக்கியது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மருத்துவர் லாக்கர்ட் கிப்சன், தம்மிடம் வந்த குழந்தைகளின் நோய்க்கு வீட்டுச் சுவரிலும் தாழ்வாரக் கம்பிகளிலும் இருந்த ஈயச் சாயமே காரணம் என்று 1904-ஆம் ஆண்டு எழுதினார். உதிரும் சாயத்தூள் விரலில் ஒட்டி, அவ்விரல் வாய்க்குப் போனதே வினையாயிற்று. 1921-இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம், கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளையைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் உடன்படிக்கையை உருவாக்கியது. அமெரிக்காவோ 1978-இல்தான் வீட்டுச் சாயத்தில் ஈயத்தைத் தடை செய்தது. பிரிஸ்பேன் மருத்துவரின் எச்சரிக்கைக்கும் இத்தடைக்கும் இடையே 74 ஆண்டுகள் கடந்துவிட்டன!

இதற்கிடையே 1925-இல் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே, ஒவ்வொரு வீட்டுச் சுவரும் வெண்மையாக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தி எழுதினார். வெண்சுவர் அகத்தையும் தூய்மைப்படுத்தும் என்பது அவர் கருத்து. ஈயத்துக்கு மாற்றாக டைட்டானியம் வெள்ளை பின்னர் பரவலாயிற்று.

இதனால் வெண்மை தீயது, கருமை நல்லது என்று நான் சொல்லவில்லை. கரும்பழுப்புச் சுவர் தன்மீது விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எனவே பிள்ளைகள் படிக்கும் அறைக்கு அது ஏற்றதன்று; வெளிச்சம் மிகுந்த அறையில் ஒரு சுவருக்குப் பொருந்தும். எந்த நிறமானாலும், ஈயம் சேர்க்கப்படாத சாயமா என்று பார்த்து வாங்குங்கள். பழைய வீடாயின், பிள்ளைகள் இருக்கும்போது பழைய சாயத்தை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கரிய நிறத்தை 'அழுக்கு' என்று ஒரு மாணவன் சொன்னால், அதைக் கேளாததுபோல் கடந்து போகாதீர்கள். சுவரின் நிறத்தைப் பற்றிய அச்சொல், நாளை பக்கத்து இருக்கைத் தோழியின் தோலைப் பற்றியதாக மாறக்கூடும். அப்போது ஈய வெள்ளையின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். நிறத்தை வைத்துத் தூய்மையை எடைபோட்டவர்களின் பிள்ளைகளே அதற்கு விலை கொடுத்தார்கள்.